எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள்

இந்த மே மாதம் மட்டும் இதே பிரச்சினையோடு என்னிடம் வந்தவர்களில் அவர் நான்காவது அப்பா. கையில் பள்ளி கொடுத்த டி.சி. பக்கத்தில் பையன், தலையே நிமிரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் 41, கணிதம் 38. தேர்ச்சிக்கு 35 போதும். ஆனாலும் "பன்னிரண்டுக்கு வேற ஸ்கூல் பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

"நல்ல ஸ்கூல்தான் மேடம், வருஷா வருஷம் நூறு பர்சென்ட்" என்றார் அவர், அப்போதும்.

பல வருடங்களாக மேற்படிப்பு ஆலோசனை சொல்லி வருகிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்டாலே மனசு கொதிக்கிறது. அந்த நூறு எப்படி வந்தது என்பதற்குச் சாட்சி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். தேர்ச்சி சதவீதம் என்பது பள்ளியில் சேர்ந்தவர்களை வைத்துப் போடும் கணக்கு அல்ல, தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடும் கணக்கு. பதினொன்றில் 120 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேறமாட்டார்கள் என்று தோன்றிய 15 பேருக்கு டி.சி. இன்னும் 5 பேரைப் பள்ளியின் கணக்கில் வராமல் தனித்தேர்வராக எழுதச் சொல்லியாயிற்று. மீதி 100 பேர் எழுதி, நூறு பேரும் பாஸ். ஃப்ளெக்ஸில் 100 சதவீதம். சேர்ந்த 120 பேரை வைத்துப் பார்த்தால் அது 83 சதவீதம்தான். பக்கத்து அரசுப் பள்ளியில் 120 பேர் சேர்ந்து, 120 பேரும் எழுதி, 111 பேர் தேறினால் 92.5 சதவீதம். ஊர் அந்தப் பள்ளியைத்தான் "ரிசல்ட் சரியில்லை" என்கிறது. யாரையும் வெளியே தள்ளாமல் 111 பேரைக் கரையேற்றிய ஆசிரியர்களுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது.

பிள்ளைகள் மேல் இருக்கும் அழுத்தம் குறையட்டும் என்றுதான் 2017-இல் தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அந்த ரேங்க் இப்போது பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸாகத் தொங்குகிறது.

அப்புறம், "எங்கள் மாணவர்கள் சேர்ந்த கல்லூரிகள்" என்ற பட்டியல். ஒரு வருடம் கோச்சிங்கில் இருந்து, இரண்டாவது முறை நீட் எழுதி எம்.பி.பி.எஸ். போன பிள்ளையின் படம் பள்ளி நோட்டீஸிலும் வரும், கோச்சிங் சென்டர் நோட்டீஸிலும் வரும். கவுன்சிலிங்கில் கிடைத்த இடமா, மேனேஜ்மென்ட் கோட்டாவா என்று எதிலும் போட்டிருக்காது.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். 600-க்கு 560. பள்ளி வாசலில் அவள் படம். கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் உறுதி என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு. கணித மதிப்பெண் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. மொழிப்பாடம் அதில் வராது. அவளுக்குக் கணிதம் 84, இயற்பியல் 92, வேதியியல் 90. கட்-ஆஃப் 175. அவள் வகுப்பில் 548 எடுத்த பையனுக்குக் கணிதம் 98, மற்ற இரண்டும் 95. அவனுக்கு 193. காகிதத்தில் நான் கூட்டிக் காட்டியதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்த போட்டோவை எடுக்கச் சொல்ல முடியுமா மேடம்?"

பதினொன்றில் சேர்க்கும் முன்பே பள்ளியில் கேளுங்கள்: இரண்டு வருடம் முன்னால் இந்த குரூப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இந்த மார்ச்சில் எத்தனை பேர் எழுதினார்கள்? முதல் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள், நடுவில் இருக்கும் பிள்ளைகள் எங்கே சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். கவுன்சிலிங்கில் கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாகச் சென்ற வருடக் கட்-ஆஃப் இணையத்திலேயே கிடைக்கிறது. அதைப் பார்க்காமல் சாய்ஸ் நிரப்பாதீர்கள். பன்னிரண்டுக்கு மட்டும் அரசுப் பள்ளிக்கு மாற்றினால், மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்காது, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். வருடத்துக்குப் பத்துப் பேராவது அது கிடைக்கும் என்று நம்பி ஏமாந்து வருகிறார்கள்.

டி.சி. வாங்கச் சொன்னால், "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று எழுதிக் கையெழுத்து கேட்பார்கள். போடாதீர்கள். அது உங்கள் விருப்பம் இல்லையே! முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். அந்த அப்பா கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்னிடம் வந்தார்.

பையனுக்கு அரசு மேல்நிலைப் பள்ளியில் அதே குரூப் கிடைத்துவிட்டது. தலைமை ஆசிரியை மதிப்பெண் பட்டியலை ஒரு தரம் பார்த்துவிட்டு, "கணக்குல எந்த இடம்பா புரியல?" என்று அவனிடமே கேட்டார். பழைய பள்ளியில் யாரும் அதைக் கேட்கவில்லையாம்.