அப்பீஸ்: ஆற்றுதலும் தணித்தலும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் காலை நேரத்தில் எதிர்ப்படும் பெரியவர்கள், நலம் விசாரிப்பதற்கு முன்பே "பசியாறிட்டியா?" என்று கேட்பார்கள். மலேசியத் தமிழர் காலை உணவு உண்பதையே பசியாறுதல் என்கிறோம். 'அப்பீஸ்' (appease) என்ற ஆங்கில வினைக்குத் தமிழ் கேட்கும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சொல்லைத்தான். ஏனெனில் ஆங்கிலத்திலும் பசியைப் போக்குவதற்கும் ஒருவருடைய சினத்தைப் போக்குவதற்கும் அந்த ஒரே வினை வழங்குகிறது.

அமைதியைக் குறிக்கும் 'பாக்ஸ்' என்ற இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்து 'அப்பீஸ்' ஆயிற்று. அமைதி எனப் பொருள்படும் 'பீஸ்' (peace) என்பதும் அதே வேரிலிருந்து வந்ததே. தமிழோ பசியையும் சினத்தையும் வெப்பமாகக் கண்டது. நம் பட்டணத்துத் தேநீர்க் கடையில், கொதிக்கும் தேநீரைக் குவளைக்குக் குவளை உயரத்திலிருந்து ஊற்றி, நுரை பொங்க வாய்க்கு இதமாக்கித் தருகிறார்கள். மலாய்க்காரர் அதனை 'தாரேக்', அதாவது இழுத்தல், என்பார்கள். நாம் ஆற்றுதல் என்கிறோம். சினத்துக்கும் அதே சொல்தான். ஔவையார் "ஆறுவது சினம்" என்றார். சினம் தானே அடங்கினால் ஆறுதல், பிறர் அடக்கினால் ஆற்றுதல். 'அப்பீஸ்' செயப்படுபொருளை வேண்டும் வினையாதலால் அதற்கு ஆற்று, தணி என்பவையே நேர். பலரும் எழுதும் 'திருப்திப்படுத்து' பொருந்தாது: திருப்தி என்பது மனம் நிறைவது, சினம் தணிந்தவரின் மனம் நிறைந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இச்சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1938 செப்டம்பரில் மியூனிக்கில், போரைத் தவிர்க்க எண்ணிய பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின், செக்கோஸ்லோவாக்கியாவின் சுடெட்டன் பகுதியை ஹிட்லர் எடுத்துக்கொள்ள இசைந்தார். 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. செப்டம்பரில் போலந்து தாக்கப்பட்டது. அதன்பின், மிரட்டுபவனுக்குப் பிறர் பொருளைக் கொடுத்து அமைதியை விலைக்கு வாங்குவது என்ற இழிபொருள் இச்சொல்லில் அழுத்தமாகப் படிந்துவிட்டது. இந்த இடத்தில் 'சமாதானக் கொள்கை' என்று எழுதுவது பெரும்பிழை, பணிந்தவரை அது சான்றோராக்கிவிடுகிறது. 'விட்டுக்கொடுத்துத் தணிக்கும் கொள்கை' என்று சற்று நீட்டியேனும் எழுத வேண்டும்.

தெய்வத்தைப் பற்றி வரும்போது மட்டும் நான் 'குளிர்வித்தல்' என்று எழுதுவேன். ஆடி மாதத்தில் தோட்டத்து மாரியம்மனுக்கு வேப்பிலை சாத்திக் கூழ் ஊற்றும் பாட்டிமார், "ஆத்தா மனசு குளிரணும்" என்றுதான் வேண்டிக்கொள்கிறார்கள்.