பழைய பிக்கப்புக்கு எந்த ஷாக் அப்சர்பர்?

1970களில் வந்த பிக்கப் ஒன்றைச் சீர்செய்துகொண்டிருக்கும் வாசகர் ஒருவர், பின்பக்கம் துள்ளுகிறது, இருப்பதிலேயே கெட்டியான ஷாக் அப்சர்பராகப் பார்த்து மாட்டிவிடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம்.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங்கை விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை. குழாய்க்குள் ஆயில், ஆயிலுக்குள் பிஸ்டன், பிஸ்டனில் துளைகள். கரடுமுரடான சாலையில் ஓட்டிவிட்டு வந்து தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும்.

சரி, வெறும் துளை போதுமா? துளை வழியாக ஆயில் பாயும்போது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். வளைவில் வண்டி மெதுவாகச் சாயும்போது ஷாக் சும்மா இருக்கும். குழியில் விழுந்தால் பாறையாக இறுகும். நமக்குத் தேவை இதற்கு நேர்மாறானது.

இந்த இடத்தில்தான் என் மனம் கவர்ந்த தகடுகள் வருகின்றன. பழைய ஷாக் ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறேன். கருத்த ஆயிலைத் துடைத்ததும், தாள் போல மெலிந்த வட்ட எஃகுத் தகடுகள் பிஸ்டனோடு ஒட்டி அடுக்காக இருந்தன. துளைகளை மூடியிருப்பவை இவைதான். அழுத்தம் ஏறினால் விளிம்பு வளைந்து வழி விடும். இன்னும் ஏறினால் வழி இன்னும் அகலும். அதனால் குழியில் விழுந்தாலும் எதிர்ப்பு கட்டுக்குள் நிற்கிறது.

தகட்டின் விறைப்பு தடிமனின் மூன்றாம் படியைப் பொறுத்தது. 0.1 மில்லிமீட்டர் தகட்டை 0.2 ஆக்கினால் விறைப்பு 8 மடங்கு! அதுவே, 0.1 தகடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 2 மடங்குதான், ஏனென்றால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வளைகின்றன. உங்கள் பிக்கப்பின் லீஃப் ஸ்பிரிங் பட்டைகளும் இப்படித்தான் வளைகின்றன. அரை அடி அகலம்கூட இல்லாத குழாய்க்குள் இருப்பதும், வண்டியின் எடையைத் தாங்குவதும் ஒரே கணக்கு.

அமுங்குவதற்கு ஒரு அடுக்கு, விரிவதற்கு ஒரு அடுக்கு. பொதுவாக விரியும் பக்கம்தான் கெட்டி, ஸ்பிரிங் சேர்த்து வைத்த ஆற்றலை அடக்க வேண்டுமே. அது அளவுக்கு மீறினால் அடுத்த குழி வருவதற்குள் சக்கரம் இறங்கி முடிக்காது. பிக்கப்பின் பின் ஸ்பிரிங் சுமைக்காகச் செய்தது. காலியாக ஓடும்போது அதுவே விறைப்பு அதிகம். அதோடு கெட்டி ஷாக்கும் சேர்ந்தால் துள்ளல் போகாது, உதறல்தான் கூடும். கெட்டியாக இருந்தால் நல்லது என்பது கணக்கு பார்க்காத நம்பிக்கை, அவ்வளவுதான். வண்டி பெரும்பாலும் எவ்வளவு சுமையோடு ஓடுமோ, அதற்கேற்ற வால்வு, அதாவது இந்தத் தகடு அடுக்கு, உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நைட்ரஜன் நிரப்பியது என்றால் ஆயில் எளிதில் நுரைக்காது.

சாய்வையும் கவனியுங்கள். ஷாக் 45 டிகிரி சாய்ந்திருந்தால், அச்சுக்கு, அதாவது இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் தண்டுக்கு, கிடைக்கும் ஆட்டத் தணிப்பு ஏறக்குறைய பாதிதான்.

அப்புறம் நீளம். அச்சு மேலே ஏறி, அதைத் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் முட்டி நிற்கும்போதும் ஷாக் இன்னும் கொஞ்சம் அமுங்க இடம் இருக்க வேண்டும். அச்சு முழுதாகத் தொங்கும்போதும் இன்னும் கொஞ்சம் விரிய வேண்டும். இரண்டு நிலையிலும் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். மாட்டும்போது, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே ஷாக்கின் முனைகளில் உள்ள ரப்பர் வளையங்களின் (புஷ்) போல்ட்டுகளை முழுதாக முறுக்குங்கள். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.