டிஸ்பாட்சர் ‘அனுப்புநர்’ அல்லர்

அமெரிக்காவின் 911 அவசர அழைப்பு மையங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர், அங்கிருந்து காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வண்டிகளை நடத்தும் டிஸ்பாட்சரை ‘அனுப்புநர்’ என்று குறிப்பது வழக்கமாகிவிட்டது. அண்மையில் படித்த ஒரு மொழிபெயர்ப்பில், மூச்சு நின்றுபோன கணவரின் மார்பை எப்படி அழுத்துவது என்று ஒரு பெண்ணுக்குத் தொலைபேசியில் ஒன்று, இரண்டு என எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கும் அதே பெயர்தான். பள்ளியில் கடிதம் எழுதப் பழகிய எவருக்கும் அனுப்புநர் என்பவர் தாளின் இடப்பக்க மேல்மூலையில் முகவரியோடு நிற்பவர். கடிதம் அஞ்சல் பெட்டியில் விழுந்ததும் அவர் வேலை முடிந்தது.

விரைந்து முடித்து அனுப்புதல் என்னும் பொருளில், ஸ்பானியத்திலிருந்தோ இத்தாலியத்திலிருந்தோ 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் ‘டிஸ்பாட்ச்’. அமெரிக்காவின் ஈரி ரயில்பாதையில் அதன் கண்காணிப்பாளர் சார்லஸ் மைனாட் 1851இல் தந்தி வழியே ரயிலுக்கு ஆணையிட்டதற்குப் பின், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அறிந்து தொலைவிலிருந்தே ஓட்டத்தை நடத்துபவருக்கு ‘டிஸ்பாட்சர்’ என்பது பெயராயிற்று. காவல்துறை வயர்லெஸ்ஸுக்கும், 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் என்னும் சிற்றூரில் தொடங்கிய 911க்கும் அந்தப் பொருளோடுதான் வந்தது.

பெருநகர மையங்களில் அழைப்பை ஏற்பவர் ஒருவர், வண்டிகளை நடத்துபவர் வேறொருவர். மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியான கவுண்டி கிராமப்புறத்தில் இருந்தாலோ, இரவுப் பணியில் இரண்டொருவரே இருப்பார்கள். ஆகவே இரண்டு வேலையும் ஒருவர் தலையில் விழும். தெருப்பெயர் தெரியாமல் தடுமாறுபவரிடம் எந்தப் பாலத்தைத் தாண்டி, எந்தக் களஞ்சியத்துக்கு எதிரே என்று கேட்டு இடத்தைப் பிடித்து, வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கும் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களைப் பேஜர் ஒலியால் எழுப்பி, ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அழைத்தவரையும் இணைப்பில் வைத்திருப்பார். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீப்பின் உதவி அதிகாரி இருட்டில் ஒரு காரைத் தனியாக நிறுத்திச் சோதிக்கும்போது, உரிய நேரத்துக்குள் அவர் குரல் வராவிட்டால் கூப்பிட்டுக் கேட்பவரும் இவரே. இதில் அனுப்புவது ஒரு நொடி. மீதி முழுவதும் உடனிருப்பது.

‘ஏவுநர்’ என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். வினைச்சொல் பழையது, ஓசையும் நன்று. ஆனால் ஏவிய கணை திரும்பாது. ஏவியவர் அதனோடு பேசிக்கொண்டிருப்பதும் இல்லை. மேலும் ஏவல் என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. ‘பணிப்பாளர்’ என்றால் இலங்கைத் தமிழருக்கு ஒரு திணைக்களத்தின் தலைவர். ‘ஒருங்கிணைப்பாளர்’ திருமண மண்டபம் முதல் மாநாடு வரை எல்லாவற்றுக்கும் போர்த்தப்படும் போர்வை. யாரையும் அது அடையாளம் காட்டுவதில்லை. சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படையை எண்ணி ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று வைக்க எனக்கு மிகுந்த ஆசை உண்டு. போகவேண்டிய வழியைச் சொல்லி ஒருவரைச் செலுத்துவது, கலங்கியவரை ஆற்றுவது ஆகிய இரண்டும் அதில் ஒலிக்கும். ஆயினும் உளநல ஆலோசகருக்கு அச்சொல் நிலைத்துவிட்டது, பறிப்பது முறையன்று. அதே ‘ஆறு’ குறிக்கும் வழியைக் கொண்டு ‘வழிப்படுத்துநர்’ எனலாம். முதன்முறை குறிப்பிடும்போது ‘அவசர உதவி வழிப்படுத்துநர்’ என்று முழுமையாகச் சொல்லிவிட்டால் குழப்பமும் வராது.

அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிடும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்த மனிதர் நாள் முழுவதும் என்ன செய்கிறார் என்று கேட்பதில்லை. அதே வேகத்தில், இந்த மையத்தை ‘அழைப்பு மையம்’ என்று சுருக்கி, கடன் அட்டை விற்கும் கால் சென்டரோடு சேர்த்துவிடுகிறார்கள். அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாடு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இப்பணிக்குப் புதுப் பெயர் கொடுத்தும், அலுவலக, நிர்வாக உதவியாளர் பிரிவிலேயே வைத்தது. தங்களைக் காவலர், தீயணைப்பு வீரர் அடங்கிய பாதுகாப்புப் பணிப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று இப்பணியாளர்கள் கோரிவந்த காலத்திலேதான், நாம் தமிழில் அவர்களுக்குக் கடிதத் தாளின் மூலையை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறோம்.