சாட்சியைச் சம்மட்டியால் அடிக்காதீர்கள்

இராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடத்தும் எந்த வக்கீலை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முன்பெல்லாம் கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் மஞ்சப்பையிலிருந்து பில்லை எடுப்பார். இப்போது செல்போனை நீட்டுகிறார். "முதல்ல இந்த வீடியோவைப் பாருங்க மேடம்."

பார்த்தாயிற்று. டீப் ஃப்ரீசரைக் கடை வாசலில் போட்டு உடைத்தவர், இன்வெர்ட்டருக்கு மாலை போட்டுச் சங்கு ஊதியவர், ஸ்டார்ட் ஆகாத அவுட்போர்டு இன்ஜினை (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது)த் தள்ளுவண்டியில் கொண்டுபோய் டீலர் வாசலில் கவிழ்த்தவர், எல்லாரையும் பார்த்தாயிற்று. கடைசியாக வந்தது ஒரு பின்பால் மிஷின். அதற்குமேல் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அரியமான் கடற்கரைக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்தை நம்பிச் சின்னதாக ஒரு விளையாட்டுக் கடை நடத்துகிறவர். பெருநகரம் ஒன்றிலிருக்கும் வியாபாரியிடம், வெளிநாட்டிலிருந்து வந்து புதுப்பிக்கப்பட்ட பின்பால் மிஷின் ஒன்றை மூன்று லட்சத்துச் சொச்சத்துக்கு வாங்கினார். ஒரு வருட வாரண்டி, எழுத்தில். பின்பால் தெரியாதவர்களுக்கு: சாய்வான மேசை, மேலே கண்ணாடி, உள்ளே 27 மில்லிமீட்டர் எஃகு உருண்டை. இரண்டு பக்கமும் பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஃப்ளிப்பர் என்கிற சின்னத் துடுப்பு உருண்டையைத் தட்டி மேலே அனுப்பும். இவருடைய மிஷினில் இடது துடுப்பு இரண்டாவது மாதமே செத்துவிட்டது. மெக்கானிக் வந்தார், சரி செய்தார், போனார். மறுபடி செத்தது. அப்புறம் வியாபாரி போனையே எடுக்கவில்லை.

கோபம் வரத்தான் செய்யும். கடன் வாங்கிப் போட்ட பணம். விடுமுறைக் கூட்டம் வந்து நிற்கிறது, மிஷின் சும்மா கிடக்கிறது. அவர் என்ன செய்தார் தெரியுமா? மிஷினைக் குட்டி யானையில் ஏற்றி அந்த ஊருக்கே கொண்டுபோனார். வியாபாரியின் படத்தோடு 'திருடன்' என்று ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டினார். கடை வாசலில் இறக்கி, சம்மட்டியை எடுத்து, ஊர் பார்க்க நொறுக்கினார். திரும்பி வருகிற வழியில் மிச்சத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார், செம்புக் கம்பிக்கு நல்ல விலை என்று.

"லட்சக்கணக்குல பார்த்திருக்காங்க மேடம். இதைவிட என்ன சாட்சி வேணும்?"

இந்த ஒரு கேள்விதான் என் பொறுமையைச் சோதிக்கிறது. நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

அந்த வீடியோ காட்டுவது, நீங்கள் கோபமாக இருந்தீர்கள் என்பதை. மிஷின் உடைந்தது என்பதை. உடைத்தது நீங்கள் என்பதை. மிஷின் வாங்கும்போதே குறையோடு இருந்தது என்பதை அது காட்டவே இல்லை. அதில் மிஷினுக்குக் கரண்டுகூட இல்லை, நடுரோட்டில் நிற்கிறது. நுகர்வோர் வழக்கில் கேட்கப்படும் முதல் கேள்வி 'பொருளில் உற்பத்திக் குறையா, பயன்படுத்தியதில் குறையா' என்பதுதான். அதற்கு உங்கள் வீடியோ ஒரு வரிகூடப் பதில் சொல்லாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தன் சான்றாவணமாகத் தாக்கல் செய்வார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஆணையம் எண்ணுவதில்லை.

பதில் சொல்லக்கூடியது மிஷின் ஒன்றுதான். இடது துடுப்பையே எடுத்துக்கொள்வோம். அதைத் தூக்கும் காயிலில், அதாவது செம்புக் கம்பிச் சுருளில், பெரும்பாலும் இரண்டு சுற்று இருக்கும். ஒன்று வேகமாகத் தட்டுவதற்கு, அதில் பலமான மின்சாரம் ஓடும். மற்றது துடுப்பைத் தூக்கியபடி பிடித்து வைப்பதற்கு, அது லேசானது. துடுப்பு முழுசாக எழும்பியதும் ஒரு சின்ன ஸ்விட்ச் பலமான சுற்றை விலக்கிவிட வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் பையன்கள் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் பலமான சுற்றே ஓடிக் காயில் கருகிவிடும். அப்படி என்றால் புதுப்பித்த வியாபாரியின் தவறு. அமெரிக்காவில் ஓடிய மிஷினை 120 வோல்ட் அமைப்பிலேயே விட்டு, நம் 230 வோல்ட்டில் சொருகியிருந்தால் ஒரு காயிலோடு நிற்காது, சர்க்யூட் போர்டு வரை தடயம் இருக்கும். உப்புக் காற்றினால் என்றால் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். மூன்று காரணம், மூன்று விதமான தடயம். விவரம் தெரிந்த ஒருவர் மூடியைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் எது என்று சொல்லிவிடுவார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவே, சோதித்தால்தான் குறை தெரியும் என்கிற பொருளை ஆய்வுக்கு அனுப்பச் சொல்கிறது. 45 நாளில் அறிக்கை வர வேண்டும் என்கிறது. எதை அனுப்புவது? பழைய இரும்புக் கடைச் சாக்கையா?

பின்பால் மிஷினைச் சம்மட்டியால் உடைத்து விளம்பரம் தேடியவர்கள் முன்பும் உண்டு. நியூயார்க் நகர மேயர் லா கார்டியா 1942-இல் இதைச் சூதாட்டம் என்று சொல்லித் தடை செய்தார். பறிமுதல் செய்த மிஷின்களைப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் தானே உடைத்துக் காட்டினார். 1976 வரை அந்தத் தடை இருந்தது. ஆனால் அவருக்கு மிஷின் ஒழிய வேண்டும், அவ்வளவுதான். பணத்தைத் திருப்பி வாங்க வேண்டிய கவலை அவருக்கு இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு அது இருக்கிறது. 2022-இல் ஆம்பூரில் ஒருவர் தன் மின்சார ஸ்கூட்டர் மேல் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். அதே மாதம் மகாராஷ்டிரத்தில் ஒருவர் தன் ஸ்கூட்டரைக் கழுதையில் கட்டி இழுத்தார். கழுதைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய வண்டி முழுசாக இருந்தது.

இப்படிச் செய்தால் சில பெரிய கம்பெனிகள் பேருக்குப் பயந்து வேறு பொருள் கொடுத்துவிடுகின்றன, உண்மைதான். பெயரே இல்லாத வியாபாரிக்கு அந்தப் பயம் ஏது?

பின்பால் மிஷினை விற்ற வியாபாரி பதிலுக்குப் போலீசில் புகார் கொடுத்தார். கடை வழியை மறித்தது, கண்ணாடிக் கதவில் கீறல், 'திருடன்' ஃப்ளெக்ஸ். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் மறிப்புக்கு 126, சேதத்துக்கு 324, அவதூறுக்கு 356 என்று ஒவ்வொன்றுக்கும் பிரிவு இருக்கிறது. 'இன்ன தேதியில் வாங்கினேன், இரண்டு தடவை பழுதானது, சரி செய்து தரவில்லை' என்று எழுதி வையுங்கள். அது நடந்த சம்பவம், நிரூபிக்கலாம். 'திருடன்' என்று எழுதினால் அதை நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்? பணத்தைக் கேட்டுப் போனவர் குற்றம் சாட்டப்பட்டவராக என் முன்னால் நிற்கிறார். இது எனக்குப் பிடித்த வேலையே இல்லை.

சரி, அடுத்த மூடநம்பிக்கை. "தொழிலுக்கு வாங்கின பொருளுக்கு நுகர்வோர் கோர்ட்டு கிடையாதுன்னு சொன்னாங்களே?" யார் சொன்னார்கள் என்று விசாரித்தால் பெரும்பாலும் விற்ற கடைக்காரர்தான் சொல்லியிருப்பார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது பாதி உண்மை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு இல்லை என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். முழுக்க வேறொருவரை வைத்து ஓட்டுவதற்கு வாங்கியவர் அல்ல. நம் கடற்கரைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பாம்பனிலோ தொண்டியிலோ சொந்த நாட்டுப்படகுக்கு இன்ஜின் வாங்கித் தானே கடலுக்குப் போகிறவர் தைரியமாக வரலாம். பல விசைப்படகு வைத்துக் கூலிக்கு ஆள் அனுப்பும் முதலாளி என்றால் சிரமம், அவருக்கு உரிமையியல் நீதிமன்றம்தான். அரியமான்காரரின் கடையில் அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். தாராளமாக வந்திருக்கலாம், மிஷினோடு.

கடை மெட்ராஸில் இருக்கிறதே, அங்கேதானே போட வேண்டும் என்பார்கள். வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊர், வேலை செய்யும் ஊர், எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று 2019 சட்டம் மாற்றிவிட்டது. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம் (சொல்வதில் எனக்கு நஷ்டம்தான்). 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று இதே சட்டம் சொல்கிறது. பழுது நீக்கம், மாற்றுப் பொருள், பணம் வாபஸ், அதற்கு மேல் இழப்பீடு, எல்லாம் கேட்கலாம். மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும், அதை மறைக்க மாட்டேன். வாய்தாவுக்கு வாய்தா நடக்கும் எரிச்சல் எனக்கும் உண்டு.

இனி, நம் கடற்கரைக்கென்றே உள்ள தொல்லை. தேவிபட்டினத்திலிருந்து ஏர்வாடி வரை எந்த மின்சாதனம் பழுதானாலும் எதிர்த்தரப்பின் பதிலுரையில் தவறாமல் ஒரு வரி வரும்: 'உப்புக் காற்றினால் ஏற்பட்ட துரு, வாரண்டியில் அடங்காது.' சில சமயம் அது உண்மையாகவே இருக்கும், அதுதான் சங்கடம். அதனால் வாங்கும்போதே 'கடலோரத்தில் வைத்துப் பயன்படுத்தப் போகிறேன், தாங்குமா' என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். 'தாங்கும்' என்று பதில் வந்தால் அந்த ஒற்றைச் சொல் பின்னால் பெரிய வாதத்தை அடைத்துவிடும். அவுட்போர்டு இன்ஜினைக் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கும். கழுவுங்கள். கழுவிய தேதியை ஒரு நோட்டில் எழுதுங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பிறகு குறுக்கு விசாரணையில் 'கழுவினீர்களா' என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

பில் வாங்குங்கள். ஜிஎஸ்டி மிச்சம் என்று வெள்ளைத் தாளில் எழுதி வாங்கி வராதீர்கள். சீரியல் நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் சண்டை போடாதீர்கள், எழுதுங்கள். மெக்கானிக் வந்தால் ஜாப் ஷீட் (செய்த வேலையை எழுதிய தாள்) கேளுங்கள். சரியாகாமலே 'சரி செய்யப்பட்டது' என்று இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த ஒரு கையெழுத்தால் தோற்ற வழக்குகளுக்கு நான் சாட்சி. வீடியோ எடுக்கத்தான் செய்வோம் என்றால், பிளக் போட்டு, விளக்கு எரிவதையும் பொத்தானை அழுத்தியும் துடுப்பு அசையாததையும் சீரியல் நம்பரையும் ஒரே மூச்சில், வெட்டாமல் எடுங்கள். எடுத்த போனிலேயே மூல வீடியோவை வையுங்கள். பத்துக் குழுவில் சுற்றி வந்த பிரதி எனக்கு வேண்டாம்.

அதற்குப் பின் 1915-க்கு ஒரு போன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ், அதற்குப் பிறகு ஆணையம். அதுவரைக்கும், தயவுசெய்து, பொருளின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வையுங்கள். தெரிந்த மெக்கானிக்கை விட்டுத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். சீல் உடைந்திருந்தால் அதுவே எதிர்த்தரப்புக்கு அல்வா.

கடை முன்னால் நிற்காமல் மனசு ஆறாது என்பவர்கள் நில்லுங்கள். அட்டையில் நடந்ததை மட்டும் எழுதி, வழியை மறிக்காமல், உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு நில்லுங்கள். பொருள் வீட்டில் இருக்கட்டும்.

ஏற்கெனவே உடைத்துவிட்டவர்கள் மிச்சமிருப்பதையெல்லாம் சாக்கில் கட்டி வையுங்கள். போர்டு, காயில், ஸ்விட்ச், சீரியல் நம்பர் தகடு எதையும் விடாதீர்கள். எடைக்குப் போட்டிருந்தால் இன்றைக்கே அந்தக் கடைக்குப் போய்க் கேளுங்கள், சில சமயம் கிடைக்கும். பில் இல்லையென்றால் பணம் போனதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம் எடுத்து வாருங்கள். வழக்குப் போட, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. அந்த நாள் எது என்பதிலேயே தனியாக ஒரு சண்டை வரும், அதனால் கடைசி மாதம் வரை தள்ளிப் போடாமல் வாருங்கள்.