கம்பியை இறுக்கினால் போதுமா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கீழ்த்தாடையில் இருபுறமும் கடைவாய்ப் பற்கள் இல்லை. கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் பல்செட் போட்டு மூன்று வருடமாகிறது. "கம்பிய ஒண்ணு இறுக்கித் தந்தா போரும் டாக்டரே" என்றார். பார்த்தால், கம்பி பிடித்திருந்த இரண்டு பற்களுமே ஆடிக்கொண்டிருந்தன.

நம் ஊர் வாய்க்காலில் குறுக்கே தென்னந்தடி போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையைக் கரையில் குற்றி அடித்துக் கட்டிவிட்டு, மறுமுனையைச் சேற்றில் விட்டால் என்னாகும்? மிதிக்க மிதிக்கச் சேற்று முனை புதையும். குற்றி ஆட்டம் காணும். இந்தப் பல்செட்டின் முன்முனை பல்லில், பின்முனை வெறும் ஈற்றில். மெல்லும்போது பல் அசைவது மிகக் கொஞ்சம். ஈறு அதைவிடப் பல மடங்கு அமுங்கும். கயிற்றை இறுக்கினால் குற்றிதான் சீக்கிரம் பிடுங்கும். பல் இழந்த வாய்களை 1925-இல் கென்னடி என்ற பல் மருத்துவர் வகை பிரித்தார்; இப்படி இருபுறமும் கடைவாய்ப் பற்கள் இல்லாதது அவற்றில் முதலாவது. என் கணக்கில் தொல்லை பிடித்ததும் இதுதான்.

அதனால் சுமையைப் பரப்ப வேண்டும். பல்செட்டின் அடிப்பகுதி கடைசி ஈற்று மேடு வரை, கன்னப் பக்கமும் அகலமாக உட்கார வேண்டும். "சின்னதா, வாய்க்குள்ள தெரியாம" என்று கேட்பவர்கள் சேற்றில் ஒற்றைக் குதிகாலை ஊன்றச் சொல்கிறார்கள். வைக்கும் பற்களும் அகலம் குறைந்திருந்தால் நல்லது.

அடுத்து, பல்லின்மேல் உட்காரும் சிறு உலோகத் தாங்கி. அதைப் பல்லின் பின்விளிம்பில் வைத்தால், பின்பக்கம் அமுங்கும்போது கம்பியின் நுனி மேலேறிப் பல்லை இழுக்கும். முன்விளிம்பில் வைத்து, கம்பியையும் அதற்கேற்ப அமைத்தால், நுனி கீழே நழுவிப் பல்லை விட்டுவிடும். இந்த அம்மாவின் பழைய செட்டில் தாங்கியே இல்லை. விலை குறைவு என்று வாங்கும் பலவற்றில் இருப்பதில்லை.

ஒரு பல்லை எடுக்க வேண்டி வந்தது, மற்றது தப்பியது. புதிதாகக் கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவையில் செய்தோம். மரச்சீனியும் மீன்கறியும் தாராளமாகச் சாப்பிடலாம், ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுங்கள் என்றேன். "கழற்றினா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும்" என்று சிரித்தார். ஈற்றுக்கும் ஓய்வு வேண்டாமா?

ஈற்றின் அடியிலுள்ள எலும்பு காலப்போக்கில் தேயும். பின்பக்கத்தை விரலால் அழுத்தும்போது முன்பக்க உலோகம் பல்லைவிட்டு எழும்பினால், சேற்று முனை புதைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கம்பியைத் தொடக்கூடாது. அடிப்பகுதிக்குப் புதுப் பூச்சு கொடுக்க வேண்டும்.