பிக்கப்பின் அடியில் ஒருமுறை படுத்துப் பாருங்கள்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து எங்கள் பக்கம் பழைய பிக்கப்களுக்கு ஏறிய மவுசு இன்னும் இறங்கவில்லை. 2025இல் தடை நீங்கியது. ஆனால் புது வாகனத்தின் விலை விவசாயிக்கும் மீன் வியாபாரிக்கும் எட்டுவதாக இல்லை. எனவே முப்பது, நாற்பது வயதான ஹைலக்ஸ்களும் டட்சன்களுமே கராஜுக்கு வருகின்றன. கொண்டுவருபவர்கள் எஞ்சினைப் பற்றியே பேசுவார்கள். நான் முதலில் வண்டியின் அடியில் படுப்பேன்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. காற்றிலேயே உப்பு இருக்கிறது. போதாதென்று மீன்பெட்டிகளில் வடியும் ஐஸ் தண்ணீர் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான செசியில் இறங்குகிறது. பெரும்போக நெல் அறுவடைக்கு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களுக்குள் இறங்கும் வண்டிகளுக்குச் சேறு வேறு. செசியின் உட்கூட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிவதற்கு அடிப்பக்கத்தில் துளைகள் உண்டு. சேறு அவற்றை அடைத்துவிட்டால் துரு உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். வெளியே பெயிண்ட் மினுங்கிக்கொண்டேயிருக்கும்.

"எஞ்சினில் ஒரு குறையும் இல்லைத் தம்பி, பிரேக்கை மட்டும் பாருங்கள்" என்று மீன் வியாபாரம் செய்யும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) ஒருவர் வண்டியை விட்டார். பின் ஸ்பிரிங் பொருத்தியிருக்கும் இடத்துக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அங்கே பொத்தென்றது. அடுத்த தட்டில் சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது. கிளறியபோது துருப் பொருக்குகளும் காய்ந்த சேறும் நாலைந்து மீன் செதில்களும் கொட்டின. அதற்கு மேலேதான் யாரோ கறுப்புப் பெயிண்ட் அடித்து அவரிடம் விற்றிருந்தார்கள். புகைப் பரிசோதனையில் தேறிய சான்றிதழைக் காக்கா எடுத்துக் காட்டினார். புகையை அளக்கும் கருவி செசியைப் பார்ப்பதில்லை.

கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். துருவைச் சுரண்டாமல் அதன்மேல் பெயிண்ட் அடிப்பது காசைக் கரியாக்கும் வேலை. கழிவு எஞ்சின் ஒயிலைப் பூசும் பழக்கத்தையும் விடுங்கள். அது பட்டால் ரப்பர் புஷ்களும் பிரேக் ஹோஸ்களும் ஊதிக் கெடும்.

பிரேக் ஒயிலைக் குறையும்போது ஊற்றுவார்களே தவிர, மாற்றுவோர் அரிது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டொட் 3 (DOT 3) என்ற பிரேக் ஒயில் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். பாரத்தோடு அடிக்கடி பிரேக் பிடிக்கும்போது உள்ளே ஆவி உண்டாகி, மிதி தரைவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில பிக்கப்களில் பின் அச்சுக்கும் செசிக்கும் இடையே ஒரு கம்பி ஓடும். பாரம் ஏறி வண்டியின் பின்புறம் தாழ்ந்தால், பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்பும்படி அது ஒரு வால்வை இயக்கும். கூடுதல் நெல் ஏற்றுவதற்காக ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டினால் பின்புறம் தாழாது. வண்டி வெறுமையாக இருப்பதாகவே வால்வு கணக்கிடும். மூட்டைகள் நிறைந்திருக்கையில் பின் பிரேக் அரைகுறையாகப் பிடிப்பதன் காரணம் பல நேரம் இதுதான். பட்டை கூட்டியவர்கள் அந்தக் கம்பியையும் சரிசெய்விக்க வேண்டும்.

மாரி வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் சூடாக இருக்கையில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கும். மேலுள்ள சுவாசத் துளை அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வண்டியை ஒரு இரவு நிறுத்திவைத்து, காலையில் வடிகால் ஆணியை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தாலோ முழுவதையும் வடித்து மாற்றுங்கள். அதோடு முன்சில்லு பெயரிங்குகளையும் கழற்றிப் பார்த்து, புதுக் கிரீஸ் அடைத்துவிடுங்கள்.