நார்வேயிலிருந்து வந்தவர்களின் கடிதங்கள் எப்படிப் பிழைக்கின்றன?

அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா பக்கம் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தால் பரணில் ஒரு பெட்டி அகப்படுவது அங்கே சகஜம். உள்ளே ஒரு கட்டுக் கடிதம், தடிமனான பைபிள், யாரென்றே தெரியாதவர்களின் புகைப்படங்கள், ஞானஸ்நானச் சான்றிதழ், பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த மரண அறிவிப்புகள். எல்லாம் நார்வே மொழியில். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. இப்படிப்பட்ட பெட்டிகளை வாங்கிக் காப்பாற்றுவதற்கென்றே அங்கே ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. அவற்றின் வேலையில் பாதி வேதியியல், பாதி துப்பறிதல். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கஷ்டம். காகிதம் அழிய நூறு வருஷம் ஆகும். எழுதியது யார், யாருக்கு என்ற தகவல் அழிய ஒரு தலைமுறை போதும்.

கதை 1825இல் தொடங்குகிறது. ஸ்டாவங்கர் துறைமுகத்திலிருந்து ரெஸ்டாரேஷன் என்ற சின்னப் பாய்மரக் கப்பல் ஜூலையில் கிளம்பி, அக்டோபர் 9 அன்று நியூயார்க் போய்ச் சேர்ந்தது. ஏறியவர்கள் 52 பேர், வழியில் ஒரு குழந்தை பிறந்ததால் இறங்கியவர்கள் 53. அந்த அளவுக் கப்பலுக்கு இத்தனை பேர் சட்டப்படி அதிகம் என்று அதிகாரிகள் அபராதம் போட்டு, கப்பலையும் பிடித்து வைத்துக்கொள்ள, கடைசியில் அதிபர் ஜான் குயின்ஸி ஆடம்ஸே மன்னிப்பு வழங்க வேண்டியிருந்தது. அடுத்த நூறு வருஷங்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நார்வேயை விட்டு வட அமெரிக்காவுக்குப் போனார்கள். போனவர்கள் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். ஊர்க்காரர்கள் பதில் எழுதினார்கள்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். அமெரிக்காவில் எழுதிய கடிதம் நார்வேயில் இருக்கும். நார்வேயில் எழுதியது அமெரிக்கப் பரணில் இருக்கும். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உரையாடலில் ஒரு பக்கம்தான் கேட்கும்.

சரி, முதலில் காகிதம். காகிதத்தின் உடம்பு செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீளமான சங்கிலி. அமிலமும் ஈரமும் சேர்ந்தால் அந்தச் சங்கிலி நடுநடுவே அறுபடும். சில நூறு அலகுகள் அளவுக்குக் குட்டையாகிவிட்டால் மடிப்பில் கை வைத்ததும் காகிதம் உடையும். இதில் மோசமானது, காகிதம் சிதையும்போது அதுவே புதிதாக அமிலத்தை உண்டாக்குகிறது, ஆக சிதைவு போகப் போக வேகம் பிடிக்கும். 1840களில் வந்த கடிதம் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்து செய்த காகிதத்தில் இருக்கும், இன்றைக்கும் வளைந்து கொடுக்கும். அதற்கு நாற்பது ஐம்பது வருஷம் பிந்திய பத்திரிகைத் துண்டுதான் அப்பளம் மாதிரி நொறுங்கும், ஏனென்றால் அதற்குள் மரக்கூழ்க் காகிதம் வந்துவிட்டது. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும். மை ஊறாமலிருக்கக் காகிதத்தில் சேர்த்த படிகாரம் அமிலத்தைக் கொண்டுவரும். பைபிளுக்குள் ஒரு மரண அறிவிப்பைச் செருகி வைத்தால், அதன் அமிலம் பக்கத்துத் தாளுக்குத் தாவி, சரியாக அந்தத் துண்டின் வடிவத்திலேயே ஒரு பழுப்புக் கறையை விட்டுவிடும்.

மையிலும் வம்பு இருக்கிறது. அந்தக் காலத்துக் கடிதங்களில் நிறைய, மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த மையால் எழுதியவை. (ஓக் மரத்தில் பூச்சி முட்டையிடுவதால் உருண்டு திரள்கிறதே, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதே மாசிக்காய்தான்.) இந்த மை தயாராகும்போதே கந்தக அமிலம் உருவாகிறது. மிஞ்சிப்போன இரும்பு வேறு செல்லுலோஸ் ஆக்ஸிஜனோடு வினைபுரிவதைத் தூண்டும். முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம், அப்புறம் தாளின் பின்பக்கம் வரை நிறம், கடைசியில் எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை. இதைத் தண்ணீரில் நனைத்தால் இரும்பு நகர்ந்து, பாதிப்பு பரவும். அதனால் வீட்டில் யாரும் ஈரத் துணியால் துடைத்துப் பார்க்கக் கூடாது.

பரண் ஏன் மோசம் என்பது இப்போது புரிந்திருக்கும். மினசோட்டா குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டாம், ஆனால் கோடையில் கூரைக்கு அடியில் அடுப்பாக இருக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த வேதிவினைகளின் வேகம் இரண்டு மடங்காகும், சில சமயம் அதற்கு மேலும். நிலவறையில் வைத்தால் சூடு குறையும், பூஞ்சை வரும். காப்பகங்கள் சுமார் 18 முதல் 20 டிகிரி, 35 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்திருக்கப் பார்க்கின்றன. கடிதங்களைப் பிரித்து நேராக்கி, துருப்பிடித்த குண்டூசிகளையும் கிளிப்புகளையும் எடுத்துவிட்டு, கால்சியம் கார்பனேட் கலந்த அமிலமற்ற உறைகளில் வைப்பார்கள். வெளிவரும் அமிலத்தை அந்த உறை உறிஞ்சி நடுநிலையாக்கும். பத்திரிகைத் துண்டை நகலெடுத்துவிட்டுத் தனியே ஒதுக்குவார்கள். லேமினேட் செய்துவிடலாமே என்று யாராவது கேட்டால் அலறுவார்கள், நியாயமான அலறல்தான்: சூடு ஒரு பாதிப்பு, அமிலத்தை உள்ளேயே பூட்டுவது இன்னொன்று, திரும்பப் பிரிக்க முடியாது என்பது எல்லாவற்றிலும் பெரியது. 1970களின் ஒட்டும் ஆல்பங்களும் அதே ரகம்.

இனி துப்பறியும் பகுதி. கடிதக் கட்டை முதலில் தேதிவாரியாக அடுக்கத்தான் கை பரபரக்கும். காப்பாளர் அதைச் செய்ய மாட்டார். எந்தக் கடிதம் எந்தப் படத்தோடு ஒரே உறையில் இருந்தது என்பதே ஒரு சாட்சி; படத்தின் பின்னால் பெயர் எழுதாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் அது ஒன்றுதான் துப்பு. அதனால் வந்த ஒழுங்கைக் குறித்துக்கொண்டு, ஒரு குடும்பத்தின் தாள்களை இன்னொன்றோடு கலக்காமல் வைப்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி.

அடுத்து பெயர். அந்நாளைய நார்வே கிராமத்தில் ஆண்டர்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே ஆண்டர்சன், அவர் மகன் ஓல்சன், நம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது போல. கூடவே குடியிருக்கும் பண்ணையின் பெயரும் ஒட்டிக்கொள்ளும், பண்ணை மாறினால் அதுவும் மாறும். அமெரிக்கா வந்ததும் ஒரு சகோதரர் தந்தைப் பெயரையும் இன்னொருவர் பண்ணைப் பெயரையும் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டால், நூறு வருஷம் கழித்து அவர்களின் பேரன்கள் உறவென்று யார் சொல்வது? நார்வேயிலேயே நிலையான குடும்பப் பெயர் சட்டமானது 1923இல்தான். ஆகவே முடிச்சை அவிழ்க்க மறு கரைக்குப் போக வேண்டும்: தேவாலயப் பதிவேடுகள், 1865, 1875 போன்ற வருஷத்து மக்கள்தொகைக் கணக்குகள், கப்பலேறியவர்களின் பெயர்களை 1867 முதல் காவல்துறை எழுதி வைத்த பட்டியல்கள். இவற்றில் பெரும்பகுதியை நார்வேயின் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே திறந்து வைத்திருக்கிறது.

எழுத்து தனித் தலைவலி. பழைய கடிதங்கள் கோதிக் என்ற பழைய பாணிக் கையெழுத்தில் இருக்கும், இன்றைய நார்வேக்காரரே திணறுவார். மொழியோ டேனிஷ் சாயல் கொண்ட அன்றைய எழுத்து நடை, நடுவில் கிராமத்து வட்டார வழக்கு, அமெரிக்கா வந்தபின் விவசாயத்தோடு ஒட்டிக்கொண்ட ஆங்கிலச் சொற்கள் வேறு. இப்போது கையெழுத்தைப் படிக்கும் மென்பொருளுக்கு மாதிரிப் பக்கங்களைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். முதல் வரைவுக்கு அது நல்ல துணை. ஆனால் பண்ணைப் பெயர்களில் அது தடுமாறும், தடுமாறக் கூடாத இடமும் அதுதான்.

பேச்சு மொழி தேய்ந்ததில் அரசியலுக்கும் பங்கு உண்டு. முதல் உலகப்போர் நேரத்தில், 1918இல், அயோவா ஆளுநர் ஹார்டிங் பொது இடங்களிலும் தொலைபேசியிலும்கூட அந்நிய மொழி பேசக் கூடாதென்று அறிவித்தார். குறி ஜெர்மன் மொழி, அடி எல்லோருக்கும். குடியேற்றத்தின் நூற்றாண்டான 1925இல், மினசோட்டாவின் நார்த்ஃபீல்டில் உள்ள செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் நார்வேஜிய அமெரிக்க வரலாற்றுச் சங்கம் உருவானபோது இந்தக் கவலைகளும் பின்னணியில் இருந்தன. அதன் முதல் செயலாளர், காப்பாளர் எழுத்தாளர் ரோல்வாக். நார்வேயின் டன்னா தீவில் பெடர்சன் என்று பிறந்து, அமெரிக்காவில் தன் ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டவர். அயோவாவின் டெகோராவில் உள்ள வெஸ்டர்ஹெய்ம் அருங்காட்சியகம் இன்னும் மூத்தது, 1877இல் லூதர் கல்லூரிச் சேகரிப்பாகத் தொடங்கியது. அதன் வம்சாவளி ஆய்வு மையமாகத் தொடங்கியது இப்போது தனி அமைப்பாக விஸ்கான்சினின் மாடிசன் நகரில் இருக்கிறது.

பெட்டியை ஒப்படைக்கும் குடும்பங்கள் கடைசியில் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும், இதில் பலர் குழம்புகிறார்கள். கடிதம் என்ற பொருளைக் கொடுப்பது வேறு, அதிலுள்ள வார்த்தைகளின் காப்புரிமையைக் கொடுப்பது வேறு. அச்சாகாத கடிதத்துக்கு அமெரிக்கச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருஷம் வரை உரிமை உண்டு, அது அவருடைய வாரிசுகளுக்குப் போகும். எழுதியவர் எப்போது இறந்தார் என்றே தெரியாவிட்டால் எழுதிய நாளிலிருந்து 120 வருஷம். உங்கள் தாத்தாவுக்கு நார்வேயிலிருந்து அத்தை எழுதிய கடிதம் உங்கள் வீட்டில் இருக்கலாம், ஆனால் அந்தக் காலம் முடியும் வரை அதை அச்சிடும் உரிமை அந்த அத்தையின் வாரிசுகளிடம்தான் இருக்கும். அவர்களைக் கண்டுபிடிக்க மறுபடியும் பண்ணைப் பெயரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.